1955-ஆம் ஆண்டின் ‘உறங்கும் அழகி’ பாலே: வண்ணத்தில் ஒளிபரப்பானது ஏன் கறுப்பு-வெள்ளையில் மட்டும் கிடைக்கிறது?

திரைநிழல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்தின் பக்கம் திருப்பிய ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா, சிறுமியாக இருந்தபோது தாயுடன் சென்று பார்த்து, இனி நடனமே தன் வாழ்வு என்று முடிவு செய்த படைப்பு ‘உறங்கும் அழகி’ என்று படித்தேன். அந்த ஆர்வத்தில்தான், லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழு நியூயார்க்கில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சிக்காக 1955 டிசம்பர் 12 அன்று நேரலையில் ஆடிய நிகழ்ச்சியின் பதிவைத் தேடிப் பார்த்தேன். இளவரசி அரோராவாக மார்கோ ஃபான்டெய்ன், இளவரசனாக மைக்கேல் சோம்ஸ்.

என் ஐயம் இதுதான். நிகழ்ச்சி வண்ணத்தில் ஒளிபரப்பானதாகவே எங்கும் எழுதியிருக்கிறார்கள். பதிவோ கறுப்பு-வெள்ளையில் இருக்கிறது. இளம் ஊதா நிறத்தையே பெயராகக் கொண்ட நல்ல தேவதை லைலக்கும் சாம்பல் நிறத்தில்தான் வருகிறார். வேகமான அடிகளில் கால்கள் கலங்கித் தெரிகின்றன. மூல வண்ணப் பதிவு எங்கேனும் இருக்கிறதா? இல்லையென்றால், இவ்வளவு மங்கிய ஒன்றை வைத்து அந்த நடனத்தை மதிப்பிடுவது சரியா?

பழஞ்சுருள் எழுதிய மறுமொழி:

நீங்கள் பார்த்தது ‘கினெஸ்கோப்’ எனப்படும் பதிவு. தொலைக்காட்சி நிறுவனங்கள் பயன்படுத்தத்தக்க ஒளிநாடா (வீடியோ டேப்) கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1956-இல்தான். அதற்கு முந்தைய நேரலை நிகழ்ச்சிகளைக் காக்க வேண்டுமானால், ஒரு தொலைக்காட்சித் திரைக்கு எதிரே படச்சுருள் கேமராவை நிறுத்தி, திரையில் ஓடுவதை அப்படியே, பொதுவாகக் கறுப்பு-வெள்ளைச் சுருளில், படம்பிடிப்பதே நடைமுறையில் இருந்த வழி. ஆகவே உங்கள் கையில் இருப்பது மேடையின் படம் அன்று. மேடையைக் காட்டிய திரையின் படம்.

கால்கள் கலங்குவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்குச் சுமார் 60 அரைப்படங்களை அனுப்பியது. படச்சுருளோ நொடிக்கு 24 முழுப்படங்களில் ஓடியது. ஒரு முழுப்படத்துக்கு இரண்டு அரைப்படங்கள் என்று கொண்டால் 48 மட்டுமே சுருளில் ஏறும், மீதி 12 விழுந்துவிடும். அசைவில் ஐந்தில் ஒரு பங்கு சுருளுக்கே வரவில்லை என்பதால், காற்றில் எழும்பிக் கால்களை ஒன்றோடொன்று தட்டும் நுண்ணிய அடிகளே முதலில் அடிபடுகின்றன. வெண்ணிற உடைகள் ஒளிப்பிழம்பாகப் பூத்து விளிம்பிழந்து தெரிவதும் இப்படிப் படத்தைப் படமெடுத்ததன் விளைவுதான்.

வண்ணம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றிரவு சுமார் 3 கோடிப் பேர் பார்த்ததாக வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1955-இல் வண்ணப் பெட்டி வெகு சில வீடுகளில்தான் இருந்தது. அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் ஃபான்டெய்னைக் கண்டதும் கறுப்பு-வெள்ளையில்தான்! அந்த வகையில் உங்கள் அனுபவம் அவர்களுடையதிலிருந்து அதிகம் விலகியதன்று.

கடைசிவரிசை எழுதிய மறுமொழி:

மதிப்பிடுவது சரியா என்ற கேள்விக்கு, தயங்காமல் சரி என்பேன். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

யாழ் போன்ற ஹார்ப்பின் மீட்டலோடு தொடங்கும் ‘ரோஸ் அடாஜியோ’ பகுதிக்குப் போங்கள். நான்கு நாட்டு இளவரசர்கள் அரோராவின் கைபிடிக்க வந்திருக்கிறார்கள். ஒற்றைக் கால்விரல் நுனியில் நின்று, மற்றொரு காலைப் பின்னால் மடித்து உயர்த்தியபடி, ஒவ்வொருவரிடமும் கை கொடுத்து அவள் ஒரு சுற்றுச் சுழல வேண்டும். ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பற்றும் முன், பிடிமானமே இல்லாமல் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். இங்கே வேகம் இல்லாததால் கினெஸ்கோப்பால் எதையும் கெடுக்க முடியவில்லை. தடுமாறாமல் நிற்பதை ஒரு சாகசமாகக் காட்டாமல், தன் முறைக்காகக் காத்திருக்கும் இளவரசனைப் பார்த்துவிட்டுக் கைநீட்டும் ஒரு பெண்ணின் மரியாதையாக ஃபான்டெய்ன் அதை மாற்றிவிடுகிறார். இன்றைய நடனமணிகள் காலை இன்னும் உயரத் தூக்குகிறார்கள், அவர் தூக்கியதில்லை. உடலின் கோடு குலையாத அளவோடு நிறுத்துவதே அந்த ஆங்கிலேய பாலே மரபின் ஒழுங்கு.

அவருக்கு அப்போது வயது 36. தமது 19-ஆவது வயதில், 1939-இல், முதன்முதலாக இந்தப் பாத்திரத்தை ஏற்றவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கத்தின் நடனக் குறிப்பேடுகளை ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த நிக்கோலாய் செர்கேயெவ்தான் அந்தப் பாலேயை லண்டனில் அரங்கேற்றினார். ஆக, 1890-இல் சாய்கோவ்ஸ்கியின் இசைக்கு மாரியஸ் பெட்டிப்பா அமைத்த நடனம் இரண்டே கைமாறி வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் பொதுமக்களின் நடனக்கூடமாக இருந்த லண்டனின் கோவன்ட் கார்டன் அரங்கம் 1946-இல் மீண்டும் திறக்கப்பட்டதும், 1949-இல் அதே குழு நியூயார்க்கை வென்றதும் இந்தப் பாலேயைக் கொண்டுதான். அந்த அனுபவம் முழுவதும் அந்த நிற்றலில் இருக்கிறது. லெனின்கிராடில் அல்லா சிசோவா ஆடி 1964-இல் வெளிவந்த வண்ணத் திரைப்படம் கண்ணுக்கு எவ்வளவோ நிறைவானது, எனக்கும் பிடித்தது. ஆனால் திரைப்படத்தில் ஒரு காட்சி பிசகினால் மறுபடி எடுக்கலாம். 1955-இல் கோடிக்கணக்கானோர் முன்னிலையில் இரண்டாவது வாய்ப்பு என்பதே கிடையாது.

குறை ஒன்று உண்டு. இடைவேளைகளுடன் மூன்று மணி நேரம் வரை நீளும் படைப்பு, விளம்பரங்கள் உட்பட 90 நிமிடங்களில் அடக்கப்பட்டதால் பல நடனங்கள் வெட்டப்பட்டுள்ளன. இதை முழுப் பாலேயாகக் கொள்ள வேண்டாம்.

மண்டபத்தூண் எழுதிய மறுமொழி:

தீய தேவதை கரபோஸைக் கவனித்தீர்களா? அந்த வேடத்தில் இருப்பவர் ஆண். பிற்காலத்தில் அந்தக் குழுவின் தலைமையையே ஏற்ற நடன அமைப்பாளர் ஃபிரெடரிக் ஆஷ்டன். 1890-இல் என்ரிக்கோ செக்கெட்டி தொடங்கி வைத்த மரபு அது. கரபோஸுக்கு நுட்பமான அடிகள் இல்லை, முகமும் கைகளும்தான். அவை இந்த மங்கலான பதிவிலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

திரைநிழல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ரோஸ் அடாஜியோவை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டு மூன்று முறை பார்த்தேன். முதல் முறை அவருடைய காலையே பார்த்தேன். மூன்றாம் முறைதான், கையை விடும் ஒவ்வொரு நொடியிலும் அவருடைய கண்கள் அடுத்த இளவரசனிடம் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவதைக் கண்டேன்.