புதுப்பிப்பு: செத்த போட்டோகொப்பி மெஷினின் டிஸ்பிளே பேசத் தொடங்கிவிட்டது

போன கிழமை கேட்டிருந்தேன்: கொக்குவிலில் பழைய இரும்புக் கடையில் எடுத்த போட்டோகொப்பி மெஷினின் இரண்டு வரி எல்சிடி திரை, 14 கால், பின்னால் ஓர் எழுத்தும் இல்லை, எப்படி இயக்குவது என்று.

சிப் இலக்கத்தைப் பார்க்கச் சொன்ன அண்ணைக்கு நன்றி. ஆனால் சிப் கறுப்புப் பிசினுக்குள் கிடக்கிறது. சரி, மல்டிமீட்டரை எடுத்தேன். பெரிய கெப்பாசிட்டரின் இரு முனைகளும் 1ஆம், 2ஆம் கால்களுக்கே போயின, அப்போ கரண்ட் வரும் கால்கள் அவைதான். இப்படியான திரைகளை இயக்கும் ஹிட்டாச்சி எச்டி44780 சிப் வகை என்று ஊகித்தேன். (சில பலகைகளில் கிரவுண்டும் 5 வோல்ட்டும் இடம் மாறி வரும். அளக்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.) எழுத்தின் கறுப்பைக் கூட்டிக் குறைக்கும் 3ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் பொட்டென்சியோமீட்டர் (திருப்பக்கூடிய மின்தடை). முதலில் வெறுமை. திருப்பத் திருப்ப மேல் வரியில் மட்டும் கறுப்புக் கட்டங்கள்! சிப் உயிரோடு இருக்கிறது, தொடக்கக் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அப்புறம் கட்டளை அனுப்ப ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்னப் பலகை), நான்கு தரவுக் கம்பிகள். எழுதுவதா வாசிப்பதா என்று சொல்லும் 5ஆம் காலைக் கிரவுண்டில் போட மறந்து ஒரு பின்னேரம் வீணாய்ப் போனது.

இந்தச் சிப்புக்குள் தமிழ் எழுத்து இல்லை. நாமாக 8 எழுத்து வரையலாம். 5க்கு 8 புள்ளிக்குள் 'அ' வரைந்து காட்டினேன். "இதென்ன, நண்டோ?" என்கிறா அம்மா.