உசா வாக்கெடுப்பும் தீர்ப்பு வாக்கெடுப்பும்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு கேள்வியை மக்களின் நேரடி வாக்குக்கு விடுவதை ஆங்கிலத்தில் 'ரெஃபரெண்டம்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் போடுவது என்ற நம் இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சிலர் 'பொது வாக்கெடுப்பு' என்கிறீர்கள், சிலர் 'மக்கள் தீர்ப்பு' என்கிறீர்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இழையை முடித்துவிடலாம் என்று நம் மூத்தவர் நேற்று எழுதியதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். ஐயா, இப்போது முடிக்க வேண்டாம். ஒரு சொல்லோடு நின்றால் தமிழில் இந்த விஷயத்தைப் பற்றிச் சரியாக ஒரு வாக்கியம்கூட எழுத முடியாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் பிரெக்சிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். "2016இல் நடந்தது ஆலோசனை வழங்கும் மக்கள் தீர்ப்பு" என்று ஒரு வரி வந்து நின்றது. எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தீர்ப்பு எங்கேயாவது ஆலோசனை சொல்லுமா? தீர்ப்பு வந்தாச்சுன்னா அடுத்து அமீனாதான் வருவான்" என்றார். சரி என்று 'ஆலோசனை வழங்கும்' என்பதை வெட்டினேன். இப்போது அடுத்த பத்தி கெட்டுப்போனது. மக்கள் தீர்ப்பளித்த பிறகும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் விலக முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாக அதில் வருகிறது. படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? மக்கள் கொடுத்த தீர்ப்பை நீதிபதிகள் தடுத்துவிட்டார்கள் என்றுதான். மூலத்தில் அப்படி இல்லை. என் சொல்தான் அந்தப் பொருளைக் கொண்டுவந்துவிட்டது.

'தீர்ப்பு' வேண்டாம், 'பொது வாக்கெடுப்பு' என்று பொதுவாகப் போடலாம் என்றால் அது தவறில்லை. ஆனால் வாசகருக்கு வேண்டிய செய்தி அதில் கிடையாது.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர், ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று வாக்களித்தார்கள். அதை நடத்துவதற்காக 2015இல் இயற்றிய சட்டத்தில் என்ன கேள்வி கேட்பது, யாருக்கெல்லாம் வாக்கு, பிரசாரத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று எல்லாம் இருக்கிறது. முடிவு வந்தபின் யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. மறந்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் அதே நாடு 2011இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களைக் கேட்டது. அதற்காக இயற்றிய சட்டத்தின் 8ஆம் பிரிவு, 'ஆம்' வாக்குகள் அதிகமாக இருந்து தொகுதிச் சீரமைப்பும் முடிந்திருந்தால் அமைச்சர் புதிய முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றது. 67.9 விழுக்காட்டினர் 'இல்லை' என்றதால் அந்தப் பிரிவுக்கு வேலை வரவில்லை. ஆனால் எப்படி எழுதினால் நாடாளுமன்றத்தின் கை கட்டப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2015இல் அப்படி எழுதவில்லை.

நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அரசு விலகல் அறிவிப்பு கொடுக்கக் கூடாது என்று ஜீனா மில்லர் என்பவர் தொடுத்த வழக்கில் 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளில் 8 பேர் கால் ஊன்றியது இந்த இடத்தில்தான். ஒரு வாக்கெடுப்புக்கு என்ன சட்ட விளைவு என்பது அதை நடத்தச் சொன்ன சட்டத்தைப் பொறுத்தது. அந்தச் சட்டம் பேசாமல் இருந்தால், நாட்டின் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றம்தான் மறுபடி சட்டம் இயற்ற வேண்டும். அரசு இரண்டே பிரிவுள்ள ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. கீழவையில் 494க்கு 122 என்று நிறைவேறியது. மார்ச் 29 அன்று விலகல் அறிவிப்பு போய்ச் சேர்ந்தது. விலகக் கூடாது என்று நீதிமன்றம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னது. உயர் நீதிமன்றம் இதே கருத்தைச் சொன்ன மறுநாள், 2016 நவம்பர் 4 அன்று, ஒரு லண்டன் நாளிதழ் மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது. ஆங்கிலத்திலேயே அந்த ஒற்றைச் சொல் இவ்வளவு குழப்பம் செய்திருக்கிறது. நாம் அதையே தமிழுக்கும் கொண்டுவர வேண்டியதில்லை.

'ரெஃபரெண்டம்' என்ற அந்த லத்தீன் சொல்லின் வேர் அருமையானது. 'திருப்பிக் கொண்டுபோக வேண்டியது' என்று பொருள். பழைய சுவிஸ் கூட்டமைப்பின் பேரவைக்கு வந்த பிரதிநிதிகள், தாங்களாக முடிவெடுக்க முடியாத விஷயங்களைத் தங்கள் கன்டோனுக்கு (மாநிலத்துக்கு) திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டுவந்து சொன்னார்கள். வேரில் தீர்ப்பு இல்லை, திரும்பிப் போய்க் கேட்பதுதான் இருக்கிறது.

'மக்கள் கேட்பு' என்று நம்மில் ஒருவர் முன்வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் உண்மையிலேயே துள்ளினேன். தமிழில் 'கேள்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலை இருக்கிறது. வினவுவதும் கேட்பதுதான், காதில் வாங்குவதும் கேட்பதுதான், கீழ்ப்படிவதும் கேட்பதுதான். "பையன் சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றால் அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. நாடாளுமன்றம் மக்களைக் கேட்டது, மக்கள் சொன்னதைக் கேட்டது, சரி, அதன்படி கேட்டதா? பிரிட்டனில் மூன்றரை வருஷம் ஓடிய சண்டை இந்த மூன்றாவது 'கேட்டதா' பற்றியதுதான். ஆனால் அதே காரணத்தால் இது கலைச்சொல்லுக்கு உதவாது. எதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமோ அதையே இது ஒன்றாகக் கட்டிவிடுகிறது. போதாததற்கு 'கேட்பு' காப்பீட்டுத் துறையில் வேறு வேலையில் இருக்கிறது.

'சூழ்' என்ற வேரையும் யோசித்துப் பார்த்தேன். குறளில் சூழ்ச்சி என்றால் கலந்து ஆராய்வது. இன்றைக்கு 'சூழ்ச்சி வாக்கெடுப்பு' என்று எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் முன்மொழிவு 'உசா'. உசாவுதல் என்றால் விசாரித்தல், கலந்து ஆலோசித்தல். வழக்கொழிந்த சொல் என்று யாரும் ஒதுக்க முடியாது. இணையத்தில் தமிழ்க் கட்டுரைகளின் அடியில் மேற்கோள் நூல்களுக்குத் தலைப்பாக 'உசாத்துணை' என்று போட்டுப் போட்டு நாமே அதைப் பழக்கிவைத்திருக்கிறோம். மக்களின் கருத்தை அறிந்துகொள்வதற்காக, சட்டக் கட்டு எதுவும் இல்லாமல் நடத்துவது *உசா வாக்கெடுப்பு*. முடிவே சட்ட விளைவைக் கொண்டுவந்துவிடும் என்றால் அது *தீர்ப்பு வாக்கெடுப்பு*. இரண்டுக்கும் பொதுவான பெயராக 'பொது வாக்கெடுப்பு' அப்படியே இருக்கட்டும். என் வாக்கியம் இப்போது இப்படி ஆகிறது: "2016இல் நடந்தது உசா வாக்கெடுப்பு, எனவே விலகுவதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது." அப்பாவிடம் மறுபடி படித்தேன். "இப்ப புரியுது" என்றார்.

இப்படிப் பிரிப்பது என் கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மக்களிடம் போவதை 'ரெஃபரெண்டம்' என்கிறார்கள். அதன் முடிவு கட்டுப்படுத்தும். 1916இலும் 1917இலும் கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று கேட்டதை 'பிளெபிசைட்' என்கிறார்கள். அது கருத்துக் கேட்டது மட்டும். ஆனால் இந்த இரண்டாவது சொல்லுக்கு மற்ற நாடுகளில் வேறு பொருள்கள் உண்டு. காஷ்மீர் எந்த நாட்டோடு சேர்வது என்று மக்களைக் கேட்பதற்கும் அதே சொல்தான் என்று நமக்கே தெரியும். அதனால் அவர்கள் சொற்களை அப்படியே எடுத்துவர முடியாது. இரண்டாகப் பிரித்துச் சொல்லும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சொல் தாங்குகிறதா என்று இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். 1955இல் ஸ்வீடனில் வண்டிகளை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றலாமா என்று உசா வாக்கெடுப்பு நடந்தது. 82.9 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். 1963இல் நாடாளுமன்றம் மாற்றுவது என்று முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, சாலையில் இருந்த வண்டிகள் நின்று, மெல்ல வலப்பக்கம் போய், 5 மணிக்குப் புதிய விதிப்படி கிளம்பின. இதே கதையை 'மக்கள் தீர்ப்பு' என்று போட்டு எழுதிப் பாருங்கள். தீர்ப்பை அரசு காலில் போட்டு மிதித்ததாகத்தான் படிக்கும். 'உசா' என்றால், கேட்டார்கள், எட்டு வருஷம் கழித்து வேறு முடிவுக்கு வந்தார்கள் என்று நடந்தது நடந்தபடி நிற்கிறது. அது சரியா தவறா என்பதை வாசகர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்துக்கு அயர்லாந்து. 2015 மே 22 அன்று ஒருபால் திருமணத்துக்காக அரசியலமைப்பைத் திருத்த 62 விழுக்காட்டினர் ஒப்புதல் தந்தார்கள். அங்கே நாடாளுமன்றம் முதலில் மசோதாவை நிறைவேற்றிவிட்டுத்தான் மக்களிடம் போகிறது. மக்கள் ஆம் என்றால் அது திரும்ப நாடாளுமன்றத்தின் வாக்குக்கு வராது, குடியரசுத் தலைவர் கையெழுத்திடுவார். இதற்குத் தீர்ப்பு என்ற சொல் அப்படியே பொருந்துகிறது.

நம் பக்கத்திலேயே கோவா இருக்கிறது. 1967 ஜனவரி 16 அன்று, மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, ஒன்றியப் பகுதியாகவே இருப்பதா என்று நடந்ததற்கு ஆங்கிலத்தில் 'ஒப்பீனியன் போல்' என்று பெயர். அதை 'கருத்துக் கணிப்பு' என்று தமிழில் போட்டால் ஏதோ டிவி சேனல் நடத்தியது போல் ஆகிவிடும். 1966இல் நாடாளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்றியது. ஒன்றியப் பகுதியாக இருக்க 1,72,191 வாக்குகள், சேர்வதற்கு 1,38,170. மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்திடமே இருப்பதால் இதுவும் உசாதான். ஆனால் முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று நடந்ததை இதில் சேர்க்கக் கூடாது என்பது என் எண்ணம். புதுச்சேரி இந்தியாவோடு இணைவதற்கு அங்கே வாக்களித்தவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் ஆதரவு. அது பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு, பொது வாக்கெடுப்பு ஆகாது.

இனி மறுப்புகள். "உசா என்று பெயர் வைப்பதே விலக வேண்டாம் என்றவர்களின் பக்கம் சாய்வதாகாதா?" என்று தனிமடலில் ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இரண்டு நாள் என்னை விடவில்லை. "இது உங்கள் முடிவு. நீங்கள் முடிவெடுப்பதை அரசு நிறைவேற்றும்" என்றுதான் வாக்கெடுப்புக்கு முன் பிரிட்டிஷ் அரசே வீடுவீடாகத் துண்டறிக்கை அனுப்பியது. அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு, தோற்றபின் "வெறும் ஆலோசனைதானே" என்றால் யாருக்கும் கோபம் வரும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கலைச்சொல் சொல்ல வேண்டியது சட்டத்தின் கட்டு எங்கே இருக்கிறது என்பதை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா என்பது அரசியல் அறத்தின் கேள்வி, அதை இந்தச் சொல் அடைத்துவிடவில்லை. சொல்லப்போனால் உசாவுதலுக்கு ஒரு கனம் உண்டு. வீட்டில் பெரியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து யோசனை கேட்டுவிட்டு, நம் பாட்டுக்கு ஒன்றைச் செய்தால் அதற்குப் பெயர் அவமதிப்பு. அப்படிச் செய்ய உரிமை இருக்கலாம், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும். 'ஆலோசனை' என்ற சொல்லில் இந்தக் கனம் இல்லை. 2016 ஏப்ரலில் நெதர்லாந்தில், ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு செய்த ஒப்பந்தத்தை 61 விழுக்காட்டினர் எதிர்த்தும் அரசு அதை ஏற்றது. 2018இல் அந்த வாக்கெடுப்புச் சட்டத்தையே நீக்கினார்கள். அங்கே எழுந்த மனக்கசப்பை 'உசாவிவிட்டு ஒதுக்கினார்கள்' என்று சொன்னால் தமிழில் உடனே உறைக்கும்.

"கட்டுப்படுத்துவதைக் கட்டாய வாக்கெடுப்பு என்றால் என்ன?" வேண்டாம். கட்டாயமாக வாக்களிக்க வேண்டும் என்று ஒரு பொருள் வரும், கட்டாயமாக நடத்த வேண்டும் என்று இன்னொன்று வரும். சுவிட்சர்லாந்தில் அரசியலமைப்பைத் திருத்தினால் மக்களிடம் போவது கட்டாயம். சாதாரணச் சட்டம் என்றால் 100 நாளில் 50,000 கையெழுத்துச் சேர்ந்தால்தான். அந்த வேறுபாட்டுக்குக் 'கட்டாய' என்பதை விட்டுவைப்போம். 'பிணை'யும் சரிவராது, ஜாமீன் ஞாபகம் வரும்.

கடைசியாக, இலங்கை நண்பர்களுக்கு. உங்கள் அரசியலமைப்பின் தமிழ் வடிவில் 'மக்கள் தீர்ப்பு' இருப்பதை மதித்துத்தான் 'தீர்ப்பு' என்ற சொல்லைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன். 83ஆம் உறுப்பின் கீழ் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மைக்குப் பிறகு மக்களிடம் போவது சரியான தீர்ப்பு வாக்கெடுப்பு. நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்க 1982 டிசம்பர் 22 அன்று விளக்கும் குடமும் சின்னமாக நடந்தது அந்த வகை. ஆனால் 86ஆம் உறுப்பின்படி தேசிய முக்கியத்துவம் உள்ள எந்த விஷயத்தையும் ஜனாதிபதி மக்கள் முன் வைக்கலாம். மசோதா எதுவும் இல்லாமல் அப்படி வைத்தால் அதன் முடிவு தானாகச் சட்டமாகாது. அதற்கும் இன்று 'மக்கள் தீர்ப்பு' என்றுதான் பெயர். பேச்சிலும் பத்திரிகையிலும் 'சர்வசன வாக்கெடுப்பு' என்கிறீர்கள். 1982இல் வாக்களித்தவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்: அன்றைக்கு அதை என்ன சொல்லி அழைத்தார்கள்? 'எலெக்ஷன்' என்றா, 'வாக்கெடுப்பு' என்றா, வேறு ஏதாவதா? அந்தப் பதில் வரும்வரை இந்தப் பதிவைச் சொற்பட்டியலில் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.