பிரண்டைச் சாதிக்கு ஒரு சொல்: இலையெதிரா, இலைக்கெதிரா?

அன்புள்ள குழுவினருக்கு,

பிரண்டை அடங்கும் சிஸஸ் (Cissus) சாதியின் தாவரவியல் விவரணையில் ஒரு சொல் இடறுகிறது. கொடி பற்றிப் படர உதவும் பற்றுக்கம்பி, கணுவில் இலை நிற்கும் பக்கத்தில் முளைப்பதில்லை. அதற்கு நேர் மறுபக்கத்தில் முளைக்கிறது. பூந்துணரும் (பூங்கொத்து) அப்படியே. இதை “இலையெதிர்” என்று எழுதிவருகிறோம். ஆனால் ஒரே கணுவில் இரண்டு இலைகள் நேருக்கு நேர் நிற்பதற்கு “எதிரிலை” ஏற்கெனவே வழக்கில் உண்டு. மாணவர்கள் இரண்டையும் குழப்பிப் பிரண்டைக்கு எதிரிலை என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கோ கணுவுக்கு ஓர் இலைதான்.

பார்த்துத் தெளிய, கொழும்பு வெள்ளவத்தையில் கட்டாக வாங்கும் முற்றிய பிரண்டை உதவாது. இலை உதிர்ந்து தழும்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். நுனியோடு 3, 4 கணு உள்ள இளங்கொடி வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், தண்டிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிப் படிகங்கள் அரிக்கும். இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள மூலையான கக்கத்தில் கக்கவரும்பு இருக்கும்; பற்றுக்கம்பி அந்தப் பக்கமே இராது. கொடித்தோடையை (பாஷன் பழக்கொடி) அருகில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: அதன் பற்றுக்கம்பி கக்கத்திலிருந்தே வருகிறது.

“இலைமறுபுறம்” என்று வைக்கலாமா?

*

வணக்கம் அக்கா.

“இலைமறுபுறம்” வேண்டாம். கேட்டவுடன் இலையின் அடிப்பக்கம்தான் நினைவுக்கு வரும். “இலைக்கெதிர்” என்போம். நான்காம் வேற்றுமை உருபைத் தொகைக்குள் மறைத்ததால் வந்த மயக்கம் இது. உருபை வெளியே விட்டால் எது எதற்கு எதிர் என்பது தெளிவு.

இந்தச் சொல் பிசகினால் வகைப்பாடே பிசகும். சிஸஸுக்கும் அதே குடும்பத்தின் இன்னொரு சாதியான கேரேஷியாவுக்கும் அல்லி (பூவிதழ்) நான்குதான், எண்ணிப் பிரிக்க முடியாது. பூந்துணர் இலைக்கெதிரா, கக்கத்திலா என்பதே முதல் கேள்வி. திராட்சைச் சாதியான வைட்டிஸ் சிக்கல் தராது: ஐந்து அல்லிகளும் நுனியில் ஒட்டி, பூ விரிகையில் தொப்பிபோலக் கழன்று விழும். சிஸஸில் அவை தனித்தனியே விரியும். மொட்டிலேயே 10 மடங்கு வில்லையில் பாருங்கள், அல்லி சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

ஒன்று மட்டும். கேசரங்கள் (மகரந்தம் தரும் உறுப்புகள்) அல்லிகளுக்கு இடையில் நிற்காமல் அல்லிக்கு நேர் முன்னால் நிற்பது இந்தத் திராட்சைக் குடும்பம் முழுவதற்கும் உள்ள அடையாளம். அதையும் “அல்லிக்கெதிர்” ஆக்கிவிட வேண்டாம். அங்கே மறுபக்கம், இங்கே அதே பக்கம். “அல்லிநேர்” போதும்.

*

சரி தம்பி, “அல்லிநேர்” நன்றாகப் பொருந்துகிறது. விவரணையை இப்படி மாற்றுகிறேன்: “பற்றுக்கம்பியும் பூந்துணரும் இலைக்கெதிர், அல்லி 4, தனித்தவை, கேசரம் 4, அல்லிநேர், கனியில் பெரும்பாலும் ஒரு விதை.”