பிளாட்பாரத்துலேர்ந்து வீட்டுக்குப் போனவங்க, போகாதவங்க: உங்க அனுபவம்?

வண்ணாரப்பேட்டை வாசி:
போன மழைக்கு முன்னாடி நடந்தது, இன்னும் மனசை அரிக்குது. சென்னை ராயபுரம் பக்கம் பிளாட்பாரத்துல இருந்த மீன்காரம்மா, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல போர்டு வீடு கிடைச்சுப் போனாங்க. பார்த்தா அதே இடத்துல மறுபடி தார்ப்பாய். "என்னாக்கா, வீடு?"ன்னேன். சுருக்குப்பையிலேர்ந்து சாவியை எடுத்துக் காட்டினாங்க. மீன் தண்ணி பட்டுத் துருவேறிக் கெடந்துச்சு. "பூட்டிதான் கெடக்கு கண்ணு. 100 யூனிட் ஃப்ரீயாமே, அதைக்கூட எரிக்க ஆளில்ல." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

மீன்பாடி:
எனக்கு நடந்தது வடசென்னை மின்ட் பக்கம். தன்னார்வலர் பசங்களோட ராத்திரி ரவுண்ட்ஸ். சரக்கு ஏத்துற மூணு சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருத்தர், கால்ல சங்கிலி, மறுமுனை வண்டிச் சக்கரத்துல, பூட்டு போட்டுத் தூங்குறார். காப்பகத்துக்கு வாங்கன்னோம். "வண்டி உள்ள வருமா? பொண்டாட்டி?" ரெண்டும் முடியாது, அது ஆம்பளைங்க காப்பகம். நகரத்துல லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேணும்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லியாச்சு. குடும்பத்தோட எங்க கூட்டிட்டுப் போறதுன்னு அன்னைக்கு எங்களுக்கே தெரியல. போர்வை குடுத்துட்டு வந்துட்டோம்.

ரிட்டயர்டு ஓவர்சியர்:
முதல் பதிவு போட்டவருக்கு: வீடு கிடைச்சும் வந்துட்டாங்கன்னா தப்பு வீட்டு மேலயா? பெண்களுக்கு 2021லேர்ந்து சாதாரண பஸ் இலவசம், வந்து போகலாமே. நான் வியாசர்பாடி போர்டு வீட்டுல வளர்ந்தவன். சோத்துத் தட்டுல காரை பெயர்ந்து விழும், பொறுக்கிப் போட்டுட்டு சாப்பிடுவோம். என் கதை அவ்ளோதான்.

விஷயத்துக்கு வரேன். 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்ப குடிசை இருந்த இடத்துலயே மாடி வீடு கட்டினாங்க. அப்புறம்தான் ஊருக்கு வெளிய போச்சு. அதே பெரும்பாக்கத்துல 2022ல திறந்த 1,152 வீட்டை, தூண், உத்திரம், தளம்னு தனித்தனியா வார்த்து கிரேன்ல தூக்கிக் கோத்தாங்க. இடிக்கிற பழைய பிளாக் இடத்துல இந்த மாதிரி செஞ்சா, ஜனம் வெளிய வாடகைக்குத் திண்டாடுற மாசம் குறையும், சிமென்ட் வீணாகிறதும் குறையும். இன்னொண்ணு, அந்தம்மாவோட அலாட்மெண்ட் ஆர்டரை லேமினேட் பண்ணச் சொல்லுங்க. ஜெராக்ஸ் ரெண்டு செட் வேற வீட்டுல இருக்கட்டும். பூட்டின வீட்டுக்கு புரோக்கர் வருவான், வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வைக்க வேணாம்.

வண்ணாரப்பேட்டை வாசி:
சார், காசிமேட்டு மீன் ஏலம் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே களைகட்டிடும். அந்நேரத்துக்கு பெரும்பாக்கத்துலேர்ந்து எந்த இலவச பஸ்ஸு? லேமினேஷன் சொல்றேன்.