பழைய கூடாரத்தின் உட்புறம் பிசுபிசுக்கிறது, மழையும் ஒழுகுகிறது: சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி (சத்துவாச்சாரியிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். 2014இல் வாங்கிய, மூன்று பேர் படுக்கக்கூடிய பாலியெஸ்டர் கூடாரம் ஒன்று என்னிடம் உள்ளது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் கொண்டு சென்றோம். பிறகு ஆறு ஆண்டுகள் வீட்டுப் பரணிலேயே கிடந்தது. சென்ற மாதம் ஜமுனாமரத்தூர் அருகே நண்பரின் நிலத்தில் விரித்தபோது, மாலையில் பிடித்த இடிமழையில் தையல் வழியாக மட்டுமன்றித் துணியின் நடுவிலிருந்தும் நீர் சொட்டியது.

வீடு திரும்பியதும் நீர்விலக்கும் ஸ்பிரே வாங்கி, மேல்விரிப்பின் வெளிப்புறத்தில் இருமுறை அடித்தேன். தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டோடியது. ஆனால் மொட்டைமாடியில் குழாய் நீரை வேகமாகப் பாய்ச்சியதும் பழையபடி ஒழுகிற்று. உட்புறத்தைத் தொட்டால் கையில் ஒட்டுகிறது. கைக்குழந்தை பால் கக்கிய துணியின் வாடையும் வீசுகிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1 (காட்பாடி)

நண்பரே, விடியற்காலையில் உட்புறம் நனைந்திருப்பது பல நேரம் நம் மூச்சுக்காற்றின் ஈரம்தான். ஆனால் குழாய் நீருக்கே ஒழுகுவதால் உங்களுடையது உண்மையான ஒழுக்கு. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: தையலின் உட்புறத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய நாடா உள்ளதா?

கேட்டவர்

உள்ளது ஐயா. பாதி உரிந்து தொங்குகிறது.

பதில் 2 (ஆம்பூர்)

அப்படியானால் உட்புறப் பூச்சு பாலியூரித்தேன் என்னும் நெகிழி என்று கொள்ளலாம். சிலிக்கோன் பூச்சின் மேல் அந்த நாடா ஒட்டாது. நான் காலணித் தொழிலில் இருப்பவன். பெட்டியைவிட்டு எடுக்காமலே வைத்திருந்த புதுச் செருப்பின் அடிப்பாகம், சில ஆண்டுகள் கழித்து அணிந்த முதல் நாளே பொடிந்து உதிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உங்கள் கூடாரத்துக்கு நேர்ந்ததும் அதுவே. காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுத்துவிடுகிறது. நீராற்பகுப்பு என்பது இதன் பெயர். வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஈரம் முழுதும் உலராமல் மடித்து, வேலூர் வெயிலில் காயும் தளத்துக்கு அடியிலுள்ள பரணில் வைத்தால் வேறென்ன நடக்கும்? உங்கள் கூடாரம் மழையில் கெடவில்லை, பரணில் கெட்டது.

ஸ்பிரே பயன்படாததற்கும் காரணம் இதுதான். வெளிப்புற ஸ்பிரே துணி நீரை உறிஞ்சாமல் தடுக்குமே தவிர, நீரின் அழுத்தத்தைத் தாங்குவது உட்புறப் பூச்சின் வேலை. கூடாரத்தின் சீட்டில் 1500 மி.மீ. என்று இருந்தால், ஒன்றரை மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று பொருள்.

பிசுபிசுப்பின் மேல் புதுப் பூச்சு அடிக்காதீர்கள். அழுகிய சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல் உரிந்து வந்துவிடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் சிறிது மென்மையான சோப்புக் கரைத்துக் கழுவி உலர்த்துங்கள். சலவை இயந்திரம் வேண்டாம். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பழைய பூச்சைச் சிறு சிறு பகுதியாகத் தேய்த்து எடுங்கள். அது எளிதில் தீப்பற்றும். ஆகவே கையுறை அணிந்து, திறந்தவெளியில், அடுப்புக்கும் பீடிக்கும் எட்டாத இடத்தில் செய்யுங்கள். தையல் நாடாவையும் முழுதாக உரித்துவிடுங்கள். அதன்பின் கூடாரங்களுக்கென விற்கும் நீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் பூச்சை உட்புறத்தில் மெல்லியதாக இரண்டு முறை தூரிகையால் தடவி, தையல்களுக்குத் தனியாகத் தையல் அடைப்பான் இடுங்கள். நிழலில் ஒரு நாள் முழுதும் உலரட்டும்; மடிக்கும் முன் சிறிது டால்கம் பவுடர் தூவினால் ஒன்றோடொன்று ஒட்டாது.

இன்னொன்று: செலவு குறைவு என்று சிலிக்கோனை டர்பன்டைனில் கரைத்துப் பூசச் சொல்வார்கள். சிலிக்கோன் பூசிய துணிக்கு அது நல்ல வழிதான். பாலியூரித்தேன் துணியில் சரியாகப் பிடிக்காது, ஒருமுறை பூசிவிட்டால் பிறகு வேறு எதுவும் அதன்மேல் ஒட்டாது.

பதில் 3 (குடியாத்தம்)

இவ்வளவு பாடு எதற்கு? மேலே ஒரு தார்ப்பாய் கட்டினால் போதாதா?

பதில் 2

போதும், துணியைத் தொடாமல் ஒரு முழ இடைவெளி விட்டு இழுத்துக் கட்டினால். ஆனால் மலைமேல் தூக்கிச் செல்லும் சுமை உங்களுடையது!

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

ஆம்பூர் ஐயாவுக்கு நன்றி. பூச்சைத் தேய்த்து எடுக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வாடை போகும்வரை கூடாரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று இல்லத்தரசியார் ஆணையிட்டுவிட்டார். முழு மேல்விரிப்புக்கும் வாங்கிய பூச்சு போதவில்லை, இன்னொரு புட்டி வாங்க வேண்டியதாயிற்று. நேற்று அரை மணி நேரம் குழாய் நீர் பாய்ச்சினேன். துணியில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. கதவு ஜிப்பின் மேல் மூலைத் தையலில் மட்டும் இன்னும் கசிகிறது. அதை மறுபடி அடைத்துவிட்டு, பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, கீழ்த்தளத்து அலமாரியில் வைக்கப் போகிறேன்.