071 மாடலின் ஆரஞ்சு தப்பாம், யார் சொன்னது?

டீசல்மணி:
போன வாரம் நான் போட்ட, அயர்லாந்து ரயிலின் 071 டீசல் எஞ்சின் மாடல் படத்துக்குக் கீழே நம் குழுவின் அகலப்பாதை எழுதியதை அப்படியே தருகிறேன்: "அசல் 071 செங்கல் நிறம். இதில் இருப்பது கனகாம்பரம். இதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவருக்கு அயர்லாந்து ரயில் பற்றி எதுவும் தெரியாது." ஒரு வாரமாகப் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. அதனால் இந்தத் தனித் திரி.

ஆரஞ்சும் கறுப்புமான அந்த சூப்பர்டிரெயின் நிறம் வந்தது 1972-இல், பிரிட்டனில் செய்து வந்த ஏசி பெட்டிகளோடு. 071 வகுப்பில் மொத்தம் 18 எஞ்சின்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் லா கிரேஞ்ச் ஆலையில் 1976-இல் கட்டி, 1977-இல் ஓட்டத்துக்கு வந்தவை. வந்து இறங்கும்போதே ஆரஞ்சு, கறுப்பு. மாடல்காரர் செய்திருப்பது அந்த முதல் கோலத்தை. புது பெயிண்ட் பளிச்சென்றுதான் இருக்கும். செங்கல் எங்கிருந்து வந்தது?

அகலப்பாதை:
தம்பி, பெயர் சொல்லியே கூப்பிட்டுவிட்டீர்கள், சரி, வந்துவிட்டேன். 19 வருடம் டப்ளினில் இருந்தவன் நான். ஹூஸ்டன் ஸ்டேஷனில் கால்வே வண்டியின் முன்னால் 071 நிற்கும்போது பத்தடி தள்ளி நின்று பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. நிறம் செங்கல். நீங்கள் பார்த்தது பெட்டியைப் பிரித்து எடுத்த பொம்மையை, நான் பார்த்தது எஞ்சினை. உங்கள் மாடலில் இருப்பது கல்யாண வீட்டில் தலையில் வைக்கிற கனகாம்பரம். செங்கல்லுக்கும் கனகாம்பரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு நான் என்ன பேசுவது?

தூரிகை:
மாடல்களுக்கு பெயிண்ட் அடிக்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. 'சரியான நிறம்' என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? பெயிண்ட் பட்டறையிலிருந்து வெளியே வந்த அன்றைய நிறமா, ஐந்து வருடம் மழையிலும் வெயிலிலும் ஓடிய பிறகு இருக்கும் நிறமா, அல்லது அலமாரியில் வைத்தால் கண்ணுக்கு நிஜம் போலத் தெரிய வேண்டிய நிறமா? மூன்றும் வேறு வேறு. 1:76 அளவில் ஒரு அடி தூரத்தில் பார்ப்பது நிஜ எஞ்சினை 76 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் நிறம் வெளுத்துத் தெரியும். அதனால்தான் நாங்கள் பலபேர் அசல் பெயிண்டில் கொஞ்சம் வெள்ளை கலந்து அடிக்கிறோம். முதலில் இதைத் தீர்த்துக்கொண்டால் மீதி எளிது.

டீசல்மணி:
தூரிகை, அதை அப்புறம் பார்க்கலாம். அகலப்பாதை அண்ணா, டப்ளினில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை இருந்தீர்கள்?

அகலப்பாதை:
1998 முதல் 2017. அதற்கென்ன?

டீசல்மணி:
அதுதான் விஷயமே. 1987-இல் அயர்லாந்து அரசின் போக்குவரத்து அமைப்பான சி.ஐ.இ.யின் கீழ் ஐரிஷ் ரயில் தனி நிறுவனம் ஆனது. அதற்குப் பிறகு எஞ்சின்களில் ஆரஞ்சுக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளைக் கோடு போட்டார்கள். எழுத்துப் பிழையை அழிக்கிற வெள்ளை மையின் பெயரால் ரசிகர்கள் டிப்பெக்ஸ் என்று பெயர் வைத்தது அதற்குத்தான். நீங்கள் ஹூஸ்டனில் பத்தடி தள்ளி நின்று பார்த்தது அந்த டிப்பெக்ஸ் வண்டியை. என்னிடம் இருப்பது கோடு வருவதற்கு முந்தைய வண்டி. பார்க்காத நிறத்துக்கு சாட்சி சொல்கிறீர்கள்.

அகலப்பாதை:
கோடு வந்தது. ஆரஞ்சு மாறியது என்று யார் சொன்னது? வேட்டிக்குக் கரை மாற்றினால் வேட்டியே மாறிவிடுமா? ஆரஞ்சு அதே ஆரஞ்சு. அது செங்கல். இன்னொன்றும் சொல்கிறேன். என்னிடம் அந்தக் காலத்து கோடாக்ரோம் ஸ்லைடுகள் 40-க்கு மேல் இருக்கின்றன, ஒரு பெரியவரிடம் விலை கொடுத்து வாங்கியவை. கோடாக்ரோம் இருட்டில் பத்திரமாக வைத்தால் நிறம் நிற்கும் என்பது படம் எடுத்த எல்லோருக்கும் தெரியும். அத்தனையிலும் செங்கல். ஒன்றில்கூட கனகாம்பரம் கிடையாது.

கார்க்வாசி:
நான் இப்போது அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கிறேன். ஒரு சின்ன விஷயம். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் தேயும்போது இரும்புத் தூள் பறந்து பக்கவாட்டில் ஒட்டும். ஈரத்தில் துருப்பிடித்து, கீழ்ப்பாதி முழுவதும் பழுப்பாகிவிடும். ஆரஞ்சின் மேல் அந்தப் பழுப்பு படிந்தால் செங்கல் மாதிரிதான் தெரியும். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாமே?

அகலப்பாதை:
அழுக்கைப் பார்த்து நிறம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கழுவி நிறுத்திய வண்டியையும் பார்த்திருக்கிறேன். கழுவிய செங்கல்.

டீசல்மணி:
கார்க்வாசி, சமாதானம் செய்ய வராதீர்கள். அவர் 'ஒன்றும் தெரியாது' என்று எழுதியது என்னை. அதற்குத் துருத்தூள் பதில் ஆகாது.

மலைநாடன்:
லண்டனிலிருந்து எழுதுகிறேன். செம்மஞ்சளுக்காக இவ்வளவு அடிபடுகிறீர்கள், கீழே சக்கரத்தை யாரும் பார்க்கவில்லை. அயர்லாந்துப் பாதை 5 அடி 3 அங்குலம், 1600 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்கு ஒரு அடி என்ற கணக்கில் மாடல் பாதை 21 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீங்கள் எல்லோரும் ஓட்டுவது 16.5. கணக்குப் போட்டால் அது 4 அடி ஒன்றரை அங்குலம். ஒரு அடிக்கு மேல் குறைகிறது! நான் எட்டு மாதம் உட்கார்ந்து என் 141 எஞ்சினுக்கு (அதுவும் அயர்லாந்து டீசல்தான்) 21 மில்லிமீட்டர் அச்சு மாற்றினேன். அகலப்பாதை அண்ணை, பெயரில் இருக்கிற அகலம் உங்கள் தண்டவாளத்தில் இல்லையே.

அகலப்பாதை:
மலைநாடன், பாதை வேறு, நிறம் வேறு. 16.5-இல் ஓட்டுவது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட சமரசம். வளைவு, பாதை பிரிகிற பாயிண்ட், எல்லாமே கடையில் கிடைக்கும். நிறத்துக்கு என்ன சமரசம்? செங்கல் பெயிண்டும் கனகாம்பரம் பெயிண்டும் ஒரே விலைதான். சரியானதை அடிக்க ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பெயர் வைத்தது என் இஷ்டம், அதில் கை வைக்காதீர்கள்.

மலைநாடன்:
கடையில் கிடைப்பதுதான் அளவு என்றால், கடையில் கிடைக்கிற செம்மஞ்சளையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

டீசல்மணி:
சரியான கேள்வி. பழைய கதை ஒன்றும் ஞாபகம் வருகிறது. அயர்லாந்தின் ஏ வகுப்பு டீசல் எஞ்சின் பற்றிய திரி. பிரிட்டிஷ் கம்பெனியான மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் 1955-இலிருந்து கட்டிக் கொடுத்த 60 எஞ்சின்கள், வந்தபோது முழுக்க வெள்ளி நிறம். சீக்கிரமே அழுக்கேறி, பிறகு பச்சை அடித்தார்கள். அந்த வெள்ளி இவ்வளவு மினுங்காது, தன் மாமா நேரில் பார்த்திருக்கிறார் என்று ஒருவர் எழுதினார். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கண்ணால் பார்த்த கதை சாட்சி ஆகாது, படத்தைக் காட்டு." அந்த மனிதர் அன்றைக்குப் போனவர், இன்றுவரை இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது உங்கள் கண் மட்டும் எப்படி சாட்சி ஆயிற்று?

அகலப்பாதை:
அவர் மாமா பார்த்தது. நான் பார்த்தது நானே பார்த்தது. மேலும் என்னிடம் ஸ்லைடும் இருக்கிறது. அந்த மனிதர் போனதற்கு நான் காரணம் இல்லை, பதில் இல்லாமல் போனார்.

நான் இந்த மாடல்களை இன்று நேற்று சேர்க்கவில்லை. பிரிட்டிஷ் 33 வகுப்பு எஞ்சினுக்கு ஆரஞ்சும் கறுப்பும் அடித்து, இதுதான் அயர்லாந்து எஞ்சின் என்று பெட்டியில் போட்டு விற்ற நாட்களிலிருந்து வாங்குகிறேன். அப்போது வேறு வழியில்லை, வாங்கினோம். இன்று ரிவெட், மின்விசிறி, கைப்பிடிக் கம்பி எல்லாம் தனித்தனியாக வைத்து அற்புதமாகச் செய்கிறார்கள். அவ்வளவும் செய்துவிட்டு மேலே கனகாம்பரத்தைப் பூசினால் வயிறு எரியாதா?

புதியவன்:
வணக்கம், நான் புதிது. 141 வகுப்பின் பழைய பழுப்பு-கறுப்பு நிறத்தை 'பிளாக் அண்ட் டேன்' என்று சொல்லலாமா? ஒரு இடத்தில் அப்படிப் படித்தேன். அந்த எஞ்சினைத்தான் வாங்க நினைக்கிறேன்.

கார்க்வாசி:
தம்பி, இங்கே கார்க்கில் அந்த வார்த்தையை யோசித்துச் சொல்லுங்கள். 1919-21 அயர்லாந்து சுதந்திரப் போரில் பிரிட்டிஷார் இறக்கிவிட்ட படையின் பெயர் அது. 1920 டிசம்பரில் இந்த ஊரின் நடு வீதியையே எரித்த கூட்டத்தில் அவர்களும் உண்டு. ஊர் இன்னும் மறக்கவில்லை.

அகலப்பாதை:
அயர்லாந்து ரசிகர்களே அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள், 19 வருடம் காதால் கேட்டிருக்கிறேன். 1962-இல் வந்த எஞ்சினுக்கு 1920-ஐ எதற்கு இழுக்கிறீர்கள்?

கார்க்வாசி:
நான் எதையும் இழுக்கவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் முகம் மாறியதைப் பார்த்தேன், அதைச் சொன்னேன். உங்களுக்கு 19 வருடம், எனக்கும் 11 வருடம் ஆகிறது. இந்த ஊரில் நானும் வாழ்கிறேன்.

புதியவன்:
மன்னிக்கவும். எந்த 141 வாங்கலாம் என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

தூரிகை:
மறுபடியும் கேட்கிறேன். அலமாரியில் என்ன விளக்கு? பகல் வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பெயிண்ட், மஞ்சள் எல்இடி விளக்கில் வேறு வேறாகத் தெரியலாம். டீசல்மணி போட்ட படம் இரவில் போனில் எடுத்தது. போன் தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும். அந்தப் படத்தை வைத்து அகலப்பாதை நிறத்தைத் தீர்மானித்தது எப்படி? அகலப்பாதை, இந்த மாடலைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா?

டீசல்மணி:
நல்ல கேள்வி! வாங்கினீர்களா அண்ணா?

அகலப்பாதை:
தப்பான நிறத்தை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

டீசல்மணி:
அப்படியானால் எஞ்சினை அந்தக் கோலத்தில் பார்த்ததில்லை, மாடலைக் கையில் தொட்டதே இல்லை. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது. இதை எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

அகலப்பாதை:
படிக்கட்டும். 1976-இல் லா கிரேஞ்சில் அடித்த பெயிண்ட் ஒன்று, பிறகு டப்ளினில் ரயில்வேயின் இஞ்சிகோர் பட்டறையில் மறுபடி மறுபடி அடித்த பெயிண்ட் ஒன்று. எதை எடுத்தாலும் செங்கல்தான். இரண்டில் எதிலும் கனகாம்பரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடை வெயிலில் காட்டி, பக்கத்தில் நிஜச் செங்கல்லை வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். அப்புறம் பேசுங்கள்.

மலைநாடன்:
எந்த ஊர்ச் செங்கல்? லண்டனில் பழைய வீடுகளின் செங்கல் மஞ்சள். என் வீட்டுச் சுவரும் மஞ்சள்தான்.

அகலப்பாதை:
செங்கல் என்றால் சிவந்த கல், தமிழ் தெரியாதா?

டீசல்மணி:
சிவந்த கல்லா? இதுவரை பழுப்பு சாயல் என்றல்லவா நினைத்தோம். இப்போது சிவப்பாகிவிட்டதா?

அகலப்பாதை:
நான் எங்கேயும் பழுப்பு என்று எழுதவில்லை. செங்கல் என்று எழுதினேன். முதலிலிருந்து படியுங்கள்.

மலைநாடன்:
21 மில்லிமீட்டருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.