40 ஜிபிக்குள் கச்சேரிகளை அடக்கிய அனுபவம்

பெரிய பாட்டுச் சேமிப்பைச் சின்ன ப்ளேயருக்குள் எப்படி அடக்குவது என்ற கேள்விக்கு, இங்கே பெரும்பாலும் சினிமாப் பாட்டை வைத்தே எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது கொஞ்சம் வேறு மாதிரி. என் சேமிப்பில் பெரும்பங்கு கர்நாடக சங்கீதக் கச்சேரிகள். அதிலும் பாதிக்கு மேல் என் பெரியப்பா டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) ரேடியோ ஸ்டேஷனைப் பிடித்துக்கொண்டு விரலை ரெக்கார்ட் பட்டன் மேலேயே வைத்துப் பிடித்த கேசட்டுகள். சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சி, திருவையாறு ஆராதனை நேரடி ஒலிபரப்பு, இப்படி. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தபோது வீட்டு ஹார்ட் டிஸ்கில் அரை டெராபைட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் கையில் வைத்துக் கேட்பது 2009-ல் வந்த சான்சா கிளிப் பிளஸ் என்ற சின்ன மியூசிக் ப்ளேயர். சட்டைப் பையில் மாட்டினால் இருப்பதே தெரியாது. உள்ளே 8 ஜிபி, கார்டில் 32 ஜிபி. போனிலேயே கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். காம்போதி ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) மேல் ஷட்ஜத்தைத் தொடும் நேரத்தில் யாரோ குட் மார்னிங் படம் அனுப்பிய சத்தம் வந்தால் எனக்கு மனசு விட்டுப்போகிறது, அதனால் தனி ப்ளேயர்தான்.

முதலில் கணக்கு. 32 ஜிபி கார்டு என்று வாங்கினால் கம்ப்யூட்டரில் 29.8 என்றுதான் காட்டும். கார்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024-ஆகப் பெருக்குகிறது, ஏமாற்று எதுவும் இல்லை. மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்றை சிடி தரத்தில் அப்படியே வைத்தால் 1.9 ஜிபி. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக்காக மாற்றினால் சுமாராக 1 ஜிபிக்கு மேலே நிற்கும், அந்தக் கார்டில் முப்பது கச்சேரி ஏறினால் அதிகம். 320 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு 320 கிலோபிட்) எம்பி3 என்றால் ஒன்றுக்கு 432 எம்பி, எழுபது சொச்சம் ஏறும். இதோடு நிறுத்திக்கொண்டு "இடம் பத்தலை, பெரிய ப்ளேயர் வாங்கணும்" என்று முடிவுக்கு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். என் அனுபவத்தில் அங்கேதான் வேலையே தொடங்குகிறது. எல்லா ஒலிப்பதிவுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்தது என்று பார்த்து அதற்குத் தக்கபடி கொடுக்கலாம்.

பெரியப்பாவின் கேசட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மீடியம் வேவில் வந்தது. அந்த ஒலிபரப்பில் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது, அதற்கு மேலே இருப்பது டேப்பின் இரைச்சல்தான். போதாததற்கு அது மோனோ. ஸ்டீரியோ டெக்கில் ஓட்டி ஏற்றியதால் இடது வலது என்று இரண்டு சேனல் இருக்கும், இரண்டிலும் ஒரே பாட்டு, இரைச்சல் மட்டும் வேறு வேறு. 320-ல் வைத்தால் அந்தக் கூடுதல் இடமெல்லாம் இரைச்சலைப் பத்திரப்படுத்தத்தான் போகிறது. ஒரே சேனலாக்கி 64 கேபிபிஎஸ்ஸில் ஓபஸ் என்ற புதிய ஒலி வடிவத்துக்கு மாற்றினால் மூன்று மணி நேரக் கச்சேரி 86 எம்பியில் முடிந்துவிடும், 90 நிமிடக் கேசட் ஒன்று 43 எம்பி. அதே கார்டில் இப்போது முன்னூறுக்கு மேல் கச்சேரி பிடிக்கும். இரண்டு சேனலையும் கலந்தால் இரைச்சலும் ஒரு துளி குறையும், இது கூடுதல் லாபம். ஒரே ஒரு எச்சரிக்கை: டெக்கின் ஹெட் சாய்ந்திருந்தபோது ஏற்றிய கேசட்டாக இருந்தால், இரண்டையும் கலக்கும்போது குரல் மங்கி போர்வைக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். அப்போது கலக்காமல் இரண்டில் நன்றாக இருக்கும் சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இரண்டு நிமிட வேலை. வீட்டு டிஸ்கில் இருக்கும் மூலப் பதிவில் மட்டும் கை வைக்கவே கூடாது, சுருக்குவதெல்லாம் ப்ளேயருக்குப் போகும் நகலில் மட்டும்.

சமீப காலத்துக் கச்சேரிகள், நல்ல மைக் வைத்து ஸ்டீரியோவில் பதிந்தவை, இவற்றுக்கு இந்தக் கஞ்சத்தனம் ஆகாது. எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்று பார்க்க நான் பாட்டைக் கேட்பதில்லை, தனி ஆவர்த்தனத்தை, அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதியைக் கேட்கிறேன். குரல் பெரும்பாலும் தாங்கிவிடும். மிருதங்கத்தின் 'நம்', கஞ்சிராவின் சடக்கென்ற அடி, மோர்சிங், இவைதான் காட்டிக்கொடுக்கும். எம்பி3-யில் இடம் குறையக் குறைய ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூலிழை முன்னால் மெல்லிய 'ஸ்ஸ்' என்று ஒரு நிழல் விழும், அடியின் கூர்மை மழுங்கும். இரண்டாவது சாட்சி தம்புரா. பாட்டு ஓய்ந்த நேரத்தில் அது தண்ணீருக்குள் இருந்து வருவது போல அலையடித்தால் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தே ஆகவேண்டும். என் காதுக்கு ஓபஸில் 112 முதல் 128 போதுமாக இருக்கிறது. எம்பி3 மட்டுமே ஓடும் ப்ளேயர் என்றால் எம்பி3-யாக மாற்றும் லேம் என்கோடரில் வி2 என்ற தர அளவு, சராசரியாக 190 வரும். ஓபஸ் 2012-ல்தான் தர நிர்ணயம் ஆனது, அதனால் அதற்கு முந்தைய ப்ளேயர்களில் கம்பெனி மென்பொருள் அதை வாசிக்காது. நான் அதற்குப் பதில் ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருளைப் போட்டிருக்கிறேன். அதைத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள், பழைய ப்ளேயர் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வரம்.

சரி, அளவுப் பிரச்சினை இப்படித் தீர்ந்தது. அப்புறம் வந்ததுதான் எனக்கு உண்மையான தலைவலி, துண்டு துண்டாகப் போவது.

கச்சேரியை ட்ராக் ட்ராக்காக வெட்டி வைப்பது எல்லாருக்கும் பழக்கம். ஆலாபனை ஒரு ட்ராக், வயலின் ஆலாபனை ஒன்று, கீர்த்தனை ஒன்று, தனி ஒன்று. ஷஃபிள் போட்டால் என்ன ஆகும்? பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடினால், அரை மணி நேரம் கட்டி எழுப்பிய பைரவி ஆலாபனை முடிந்ததும் அந்தக் கீர்த்தனைக்குப் பதில் எங்கிருந்தோ ஒரு தில்லானா வந்து குதிக்கும். அல்லது முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல் தனி மட்டும் ஓடும், மோரா, கோர்வை என்று முடிப்புக் கணக்கெல்லாம் வைத்து முடித்து, பாடகர் பல்லவியை எடுக்கப்போகும் அந்த நொடியில் வெட்டு. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மேடையில் அவ்வளவு நேரம் யோசித்துக் கோத்த ஒன்றை நாம் கையில் வைத்துக்கொண்டு பிய்த்துப் போடுகிறோம்.

வரிசையாகவே ஓட்டினாலும் எம்பி3-யில் இன்னொரு தொல்லை உண்டு. என்கோடர் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். சினிமாப் பாட்டில் அது தெரியாது. கச்சேரியில் ஆலாபனை முடிந்து கீர்த்தனைக்கு மாறும் இடத்தில் தம்புரா ஒரு இமைப்பொழுது அறுந்து மறுபடி தொடங்கும். ஓபஸ், ஆக் வார்பிஸ், ஃப்ளாக் மூன்றிலும், ப்ளேயர் ஒத்துழைத்தால், இந்த வெட்டு வராது. சேர்த்த மௌனம் எவ்வளவு என்று லேம் என்கோடர் எழுதும் குறிப்பைப் படிக்கத் தெரிந்த ப்ளேயராக இருந்தால் எம்பி3-யும் சரியாக ஓடும்.

இப்போது நான் பிரிக்கும் முறை இதுதான். ஒரு ராகத்துக்கு உரிய ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம், தனி எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு, எவ்வளவு நீளமானாலும் சரி. ராகம் தானம் பல்லவி அப்படியே ஒன்று. தொடக்கத்து வர்ணம், பிற்பகுதியில் வரும் சின்னத் துக்கடாக்கள், முடித்து வைக்கும் மங்களம் தனித்தனி. ஒரு கச்சேரிக்கு ஒரு கோப்புறை. ராக்பாக்ஸில் ஷஃபிளை அணைத்துவிட்டு, ஒரு கோப்புறை முடிந்ததும் அடுத்த கோப்புறைக்குத் தானே தாவும் வசதியை 'ராண்டம்' என்று வைத்திருக்கிறேன். ஒரு முழுக் கச்சேரி வரிசை கெடாமல் ஓடும், முடிந்ததும் எந்தக் கச்சேரி வரும் என்று எனக்கே தெரியாது. எம்.டி. ராமநாதனின் நிதானத்தில் ஊறி முடித்ததும் ஜி.என்.பி.யின் மின்னல் வேகப் பிருகாக்கள் வந்து விழும்போது கிடைக்கும் சுகம் பாட்டுப் பாட்டாகக் குலுக்கிப் போட்டால் கிடைக்காது. ஒரு மணி நேரக் கோப்பில் பாதியில் இறங்க வேண்டி வந்தாலும் புக்மார்க் இருக்கிறது, விட்ட இடத்திலேயே தொடரும்.

அடுத்தது தேடுவது. திரையில் நாலைந்து வரிதான் தெரியும். நீளமான கீர்த்தனைப் பெயரை அது ஊர்ந்து காட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அதனால் பெயரிலேயே ராகத்தை முதலில் வைக்கிறேன், பிறகு பாடியவர் பெயர்ச்சுருக்கம், பிறகு கீர்த்தனை. டேகில் (கோப்புக்குள் எழுதி வைக்கும் விவரக் குறிப்பு) 'ஜானர்', அதாவது இசை வகை என்று ஒரு இடம் இருக்கிறதே, எல்லாக் கச்சேரிக்கும் அங்கே 'கர்நாடிக்' என்றே போட்டு வைப்பது வீண், அது நமக்குத் தெரிந்ததுதான். அங்கே ராகத்தைப் போடுங்கள். கம்போசர் இடத்தில் கீர்த்தனையை இயற்றிய வாக்கேயக்காரர். இப்போது ஜானர் பட்டியலைத் திறந்தால் ராகப் பட்டியல் வரும். தோடியைத் தொட்டால் ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரமும் செம்மங்குடியும் மதுரை மணியும் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒரே ராகத்தை இத்தனை பேர் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போகலாம், எனக்கு ராகங்கள் பிடிபட்டது இப்படித்தான். இதற்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் போதும், நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே தடவையில் மாற்றும்.

எழுத்து விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு. சின்ன ப்ளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், 'கெ' என்பதே படிக்க முடியாமல் ஆகும். அதனால் ப்ளேயர் நகலில் ஆங்கில எழுத்து, வீட்டு டிஸ்கில் தமிழ். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். தோடிக்கு 'எச்' போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று இருந்தால் பட்டியலில் இரண்டு ராகமாகவே நிற்கும்.

அட்டைப் படத்தை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் புதைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு எம்பி படம் ஆயிரம் கோப்பில் இருந்தால் 1 ஜிபி போயிற்று, இந்தத் திரையில் அது தெரியப்போவதும் இல்லை. சத்த அளவுக்கு, அதைக் கணக்கிட்டு டேகில் எழுதும் ரீப்ளேகெயின் ஓட்டிவிடுங்கள். கேசட்டிலிருந்து வந்தது முணுமுணுக்கும், புதுப் பதிவு காதைப் பிளக்கும், அதைச் சமன் செய்ய இதுவே வழி.

மச்சானின் காரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் கார்டிலிருந்து ஒரு கச்சேரியை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். காரில் போட்டால் மங்களம் முதலில் பாடுகிறது, வர்ணம் நடுவில் வருகிறது. அந்த மாதிரி கார் ஸ்டீரியோக்களும் மலிவான ப்ளேயர்களும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, கோப்புகள் எந்த வரிசையில் எழுதப்பட்டனவோ அதே வரிசையில் ஓட்டும். 01, 02 என்று பெயர் வைத்தும் பயனில்லை என்று புலம்புபவர்கள் லினக்ஸில் ஃபேட்சார்ட், விண்டோஸில் டிரைவ்சார்ட் என்ற மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், கார்டுக்குள் இருக்கும் வரிசையையே மாற்றி எழுதிக் கொடுக்கும்.

போலி மெமரி கார்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் நடந்தது. ஒரு கடையில் விலை மலிவாக வாங்கிய கார்டு, பெட்டியில் பெரிய கம்பெனி பெயர். கம்ப்யூட்டரில் முழு அளவும் காட்டியது, எல்லாக் கோப்பும் பெயரோடு பட்டியலில் இருந்தது. முதலில் ஏற்றிய சில கச்சேரிகள் ஓடின, பிறகு ஏற்றியவற்றில் மௌனம். உள்ளே இருக்கும் சிப் சின்னது, அளவை மட்டும் பொய்யாகச் சொல்ல வைத்திருக்கிறார்கள். கொள்ளளவைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றோடு போகிறது. எந்தக் கார்டு வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே பாட்டு ஏற்றுங்கள். நேரம் எடுக்கும், இரவு போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

இத்தனை செய்தும் அரை டெராபைட்டும் உள்ளே வராது, வரவும் வேண்டாம் என்பது என் எண்ணம். சினிமாப் பாட்டு உள் நினைவகத்தில், வி2-வில் ஆயிரம் பாட்டு தாராளமாக. கார்டில் கச்சேரி. அதில் முக்கால் பங்கு எப்போதும் மாறாதவை. மீதிக் கால் பங்கை மாதம் ஒருமுறை அழித்துவிட்டு வேறு ஏற்றுவேன், பெரும்பாலும் இதுவரை முழுதாகக் கேட்காத கேசட்டுகள். மார்கழியில் மட்டும் அந்த இடம் முழுக்கப் புதுக் கச்சேரிகளுக்கு.

இன்னும் சரியாகப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. ஜானர் இடத்தில் ராகம் போடும் வழக்கம் உள்ளவர்கள் ஒன்றுக்குள்ளேயே பல ராகம் வரும் ராகமாலிகைக்கும் விருத்தத்துக்கும் என்ன செய்கிறீர்கள்? 'ராகமாலிகை' என்றே போட்டால் உள்ளே நாலு நிமிடம் பாடிய அருமையான சஹானா தேடலில் வருவதே இல்லை. எல்லா ராகத்தையும் அரைப்புள்ளி வைத்துப் பிரித்து எழுதினால் கம்ப்யூட்டரில் சரியாக இருக்கிறது, ப்ளேயரில் அந்த நீளச் சரம் முழுதும் ஒரே ராகமாக நிற்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.